சக்கரத்துக்கு ஒன்று

பரஞ்சோதி கடைசியாக நம்பர் பிளேட்டை ஒட்டினார். ஒரு சாண்கூட நீளமில்லாத பிளாஸ்டிக் கார். பாகங்களைச் சட்டத்திலிருந்து நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, வெள்ளை அடித்து, மழைக்காலம் முழுக்க அதோடுதான் கிடந்தார். நிஜக் காரின் இடப்பக்கக் கதவில் கேட்டில் உரசி விழுந்த கீறலைக்கூட ஊசிமுனையால் இழுத்திருந்தார். மனைவி மங்கை வந்து நின்று நம்பரைப் படித்தாள். மகன் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராத காரின் நம்பர்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவள் உள்ளே போய் நாலு பச்சை மணத்தக்காளிக் காய்களோடு வந்தாள். சக்கரத்துக்கு ஒன்றாக முன்னால் வைத்தாள். நிஜக் கார் வீட்டுக்கு வந்த அன்று அவள் எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நின்றாள். புது டயரில் எதற்குக் கறை என்று சொல்லி அவர் வண்டியை நேராக உள்ளே விட்டுவிட்டார். அதைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏத்துங்க," என்றாள்.

அவர் விரலால் தள்ளினார். கனமே இல்லாத வண்டி. காய்களின்மேல் ஏறி அப்படியே நின்றது. ஒன்றும் நசுங்கவில்லை.

"நசுங்கணும்ங்க."

காரின் கூரையைத் தாங்கும் கம்பிகள் ஈர்க்குச்சியைவிட மெல்லியவை என்று ஒட்டியவருக்குத் தெரியும். கூரைமேல் உள்ளங்கையை வைத்தவர் அழுத்தவில்லை. அவர் கையின்மேல் அவள் கை வந்து படிந்தது. அது அழுத்தத் தொடங்கியிருந்தது.