ஜன்னலோரத் தூண்

தையல் மெஷின் நின்ற பிறகுதான் அறையில் மின்விசிறி சுற்றும் சத்தமே கேட்கிறது. மெஷினை ஒட்டியுள்ள ஜன்னலோரத் தூணில், சோப்புப்பெட்டி அளவு சென்சாரில் பச்சை விளக்கு மினுங்குகிறது. லிஃப்ட் ஓடாததால் ஒன்பது மாடி ஏறி வந்த டெக்னீஷியன் அதற்குப் புது பேட்டரி போட்டுவிட்டுத் தூணடியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். "நிலம் ஆடினா மட்டும்தான்க்கா இது முழிக்கணும். இது சேதி அனுப்பினாதான் மொட்டைமாடியில இருக்கிற பெரிய எடை எதிர்ப்பக்கம் நகர்ந்து கட்டடத்தோட ஆட்டத்தை அடக்கும். நீங்க மிதிக்க மிதிக்க இது முழிச்சே கெடந்து பேட்டரி தீர்ந்துபோகுது." தையல்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். "தூங்குறதுக்குன்னே ஒரு வேலையா? எனக்கும் ஒண்ணு பாரு தம்பி." அவன் சிரிக்கப் பார்க்கிறான், மூச்சுதான் வாங்குகிறது. போன நிலநடுக்கம் சுவரில் கீறிவிட்டுப்போன விரிசலை அவள் பார்க்கிறாள். வெளிச்சம் வரும் ஒரே ஜன்னலையும், சாயங்காலத்துக்குள் காலர் வைக்கவேண்டிய சட்டைக் குவியலையும் பார்க்கிறாள். "சரி, ஒரு கை பிடி." இருவரும் மெஷினை எதிர்ச்சுவரின் இருட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய் வைக்கிறார்கள். அவன் திரும்பப் போய்த் தூணில் சாய்கிறான். சற்று நேரத்தில் பச்சை விளக்கு அணைகிறது. நூல் நுனியை எச்சிலில் நனைத்து அவள் ஊசிக்கண்ணைத் தேடுகிறாள்; தப்பித் தப்பிப் போய்க் கடைசியில் நுழைகிறது. மெல்ல மிதித்துப் பார்க்கிறாள். விளக்கு எரியவில்லை. "இப்ப தூங்குது தம்பி, பாரு" என்று திரும்பினால், அவனும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறான். அவள் மிதியிலிருந்து காலை எடுக்கிறாள். ஒரு சட்டையையும் கை ஊசியையும் எடுத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்கிறாள்.