கிளம்பின இடம்

நடுக்கடலில் நின்ற ஒரு படகில் ரிமோட்டும் ட்ரோனும் அக்கா தம்பியாக இருந்தார்கள். மீன் கூட்டம் தேடிப் போகவேண்டிய பாதையை எல்லாம் தம்பிக்கு முதலிலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. ஆனாலும் கிளம்பும்போது அவன் கேட்டான்: "அக்கா, நடுவழியில உன் குரல் கேட்காமப் போயிட்டா?"

"பாதையை விட்டுட்டு, கிளம்பின இடத்துக்கே வந்து இறங்கிடு. நான் அங்கேதான் இருப்பேன்."

தம்பி பறந்துபோன கொஞ்ச நேரத்தில், தெற்கே மீன் துள்ளுகிறது என்று மீனவர்கள் நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள். படகு நகர்ந்தது. இடம் மாறிவிட்டதைத் தம்பிக்குச் சொல்ல ரிமோட்டுக்கு ஒரு நொடி போதும். 'வேலையா இருக்கான், அப்புறம் சொல்லிக்கலாம்' என்று இருந்துவிட்டாள்.

படகு போகப் போக சிக்னல் அறுந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டாள். குரல் எட்டவில்லை.

படகு விளிம்பில் உட்கார்ந்திருந்த கடற்காகத்திடம், "நீயாவது போய்ச் சொல்லேன், நாங்க இங்கே இருக்கோம்னு" என்று கெஞ்சினாள்.

போன கடற்காகம் வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே பேசியது.

"படகு இங்கே இல்லடா, கீழே வெறும் தண்ணிதான்னு சொன்னேம்மா. அவன் கேட்கலை. 'அக்கா சொன்ன இடம் இதுதான். நான்தான் சீக்கிரம் வந்துட்டேன் போல. இறங்கி உட்கார்ந்திருக்கேன், அவ வந்துடுவா'ன்னான்."

"அப்புறம்?"

"இறங்கிட்டான்."