மூண்டாம் நம்பர்

"முப்பது நம்பரும் முடிஞ்சுது, தங்கச்சி. இனி அடுத்த முறை வாங்கோ."

நேர்ஸ் சொல்ல எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சுது. துணுக்காய்க்குப் பல் டொக்டரின்ர வான் வாறதே மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. அம்மாவோ மூண்டு நாளாய்க் கடைவாயில கராம்பை வச்சுக்கொண்டு கஞ்சி குடிக்கிறா.

"இப்ப ஏழு மணிதானே, மிஸ்!"

"சனம் நாலு மணிக்கே வந்திட்டுது."

நானும் நாலு மணிக்குத்தான் அலாரம் வச்சனான். அது வேற கதை.

எங்கட வீட்டில பல்லுக்குப் பொறுப்பு நான். கம்பஸால லீவில வீட்டை வந்தா முதல் வேலை பிரஷ் பாக்கிறது. தம்பியின்ர பிரஷ் காஞ்சு கிடந்தா அவனுக்குச் சோறில்லை. உள்ளங்கையில சீனியை வச்சு நக்கி நக்கித் தேத்தண்ணி குடிக்காதேங்கோ, படுக்க முதல் பல்லுத் தீட்டுங்கோ எண்டு அம்மாவோட எத்தினை சண்டை! கேட்டாவோ?

முன் வாங்கில ஒரு ஐயா இருந்தார். தாடையைச் சுத்தித் துண்டு. கையில மூண்டாம் நம்பர்.

"ஐயா, சரியான நோவோ?"

"ம்."

"எங்கட அம்மாவுக்குக் கன்னமே வீங்கிப்போச்சு. உங்கட நம்பரைத் தாறீங்களோ?"

இல்லையெண்டு தலையை ஆட்டினார்.

"அவா பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் சமைக்கிறவா. விடிய வந்து நிக்கேலாது, ஐயா."

"ம்ம்." அவற்ற கண் சிரிச்சுது.

"என்ன ம்ம்? வாய்க்குள்ள முத்தோ வச்சிருக்கிறியள், திறந்தா கொட்டுண்டிடும் எண்டு?"

அதுக்கும் சிரிப்பு. பல்லு நோவுள்ள ஆள் சிரிக்குமோ? வடிவாப் பாத்தன். வீக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"மிஸ்! இஞ்ச வாங்கோ! இவருக்குப் பல்லு வருத்தமே இல்லை. சும்மா நம்பரைப் பிடிச்சு வச்சிருக்கிறார். துண்டை அவிட்டுப் பாருங்கோ!"

நேர்ஸ் வந்தா. "ஐயா, வருத்தக்காரர்தான் நேரில வந்து நம்பர் எடுக்கோணும் எண்டு விடியவே சொன்னனான். பொய்யெண்டா கிழிச்சுப்போடுவன்."

"கிழியுங்கோ!" எண்டன் நான். "நியாயம் எண்டு ஒண்டு இருக்குத்தானே!"

ஐயா நம்பரை நெஞ்சோட சேத்துப் பிடிச்சார். இப்ப சிரிப்பில்லை. றோட்டையே பாத்துக்கொண்டிருந்தார்.

நேர்ஸ் கையை நீட்டவும், வாசலில ஒரு சைக்கிள் வந்து நிக்கவும் சரியாயிருந்திச்சு.

அம்மா! சீலை முழுக்கச் சாம்பல். ஒரு கையால கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தா.

"அப்புத்துரை அண்ணை, என்ர நம்பரைக் கூப்பிட்டிட்டினமோ?"

ஐயா நம்பரை அம்மாவின்ர கையில வச்சார். துண்டை அவிட்டார். வாயைத் திறந்தார்.

மேலயும் இல்லை, கீழயும் இல்லை. பேருக்குக்கூட ஒரு பல்லில்லை.

"கமலாசனி, உன்ர மகள் நல்லாக் கதைக்கிறாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உன்ர நம்பரைக் கிழிச்சிருப்பாள்."

நேர்ஸ் அம்மாவின்ர கன்னத்தைப் பாத்தா. ஐயாவின்ர பொக்கை வாயைப் பாத்தா. கிழிக்க நீட்டின கையாலயே, "சரி, உள்ள போங்கோ அம்மா" எண்டு கதவைக் காட்டினா.

எனக்கு இன்னும் அடங்கேல்லை. "அம்மா, நம்பர் நான் எடுக்கிறன் எண்டு சொன்னனான்தானே!"

"ஓம், பிள்ளை. நாலு மணிக்கு எழும்புவன் எண்டு நீ சொன்ன உடனதான், பள்ளிக்கூடக் குசினிக்கு விறகு கொண்டுவாற அண்ணையிட்ட ஓடிப்போய்ச் சொன்னனான்."

அரை மணித்தியாலத்தால அம்மா பஞ்சைக் கடிச்சுக்கொண்டு வெளிய வந்தா. பின்னால டொக்டர்.

"ஒரு மணித்தியாலத்துக்கு வாயைத் திறக்கப்படாது, சரியோ?"

சொன்னது அம்மாவுக்கு. வீடு வரைக்கும் திறக்காமல் வந்தது நான்.