முப்பத்தெட்டு நோட்டிலும் ஒரே வரி

கணக்கு சாருக்கென்றே ஆட்டோகிராஃப் நோட்டின் முதல் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தாள் ஃபர்ஸ்ட் ரேங்க். பள்ளியில் அவளுக்கு அதுதான் பெயர். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியில் அன்று கடைசி நாள். விழா, பேச்சு, குரூப் போட்டோ எல்லாம் முடிந்து வகுப்பறையே சந்தைக்கடையாக இருந்தது. கெமிஸ்ட்ரி டீச்சர் அவள் நோட்டில் 'நாளைய விஞ்ஞானிக்கு' என்று ஆரம்பித்து ஒரு பக்கத்தை நிரப்பியிருந்தார். தலைமையாசிரியை 'நம் பள்ளியின் பெருமை' என்று எழுதி, போதாக்குறைக்கு சீலும் குத்தியிருந்தார்.

அவளுக்கு அதெல்லாம் பழகிப்போன சமாசாரம். கணக்கு சார் வேறு ரகம். பாராட்டினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆசாமி. நூற்றுக்கு நூறு வாங்கினாலும் சிவப்பு மையில் ஒரு டிக், அவ்வளவுதான். அவரிடமிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தைக்காக அவள் மூன்று வருஷமாக ஏங்கியது அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

மதியம் சார் எல்லார் நோட்டையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, வழக்கம் போல ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

ஃபர்ஸ்ட் ரேங்க் முதல் பக்கத்தைப் பிரித்தாள்.

'உன்னைப் போல் ஒரு மாணவி எனக்குக் கிடைத்தது என் பாக்கியம். நீ எங்கே போனாலும் நன்றாக வருவாய்.'

மூன்று முறை படித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வாங்கின மெடல்கள் மொத்தத்தையும் அந்த இரண்டு வரிக்குக் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பெஞ்ச் தோழியும் தன் நோட்டைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபர்ஸ்ட் ரேங்க் எட்டிப் பார்த்தாள். 'உன்னைப் போல் ஒரு மாணவி எனக்குக் கிடைத்தது என் பாக்கியம்.'

பின் பெஞ்சுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அதே பாக்கியம். கிளாஸ் லீடர் நோட்டிலும் அதேதான். சாருக்கு அன்றைக்கு மட்டும் முப்பத்தெட்டு பாக்கியம் கிடைத்திருந்தது. மூன்று வருஷம் முட்டி முட்டிப் படித்ததற்கு இதுதானா என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

நேரே ஆசிரியர் அறைக்குப் போனாள். சார் பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், எல்லாருக்கும் ஒண்ணையே எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"எனக்கு மட்டும் தனியா ஒரு வரி எழுதித் தரீங்களா?"

சார் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "எழுதினதுல பொய் இருக்காம்மா?"

"இல்ல சார். ஆனா..."

"அப்புறம் எதுக்கு இன்னொண்ணு? போ, போய் எல்லாரோடயும் பேசிட்டு இரு. நாளைக்கு யாரையும் பார்க்க முடியாது."

மாடிப்படியில் இறங்கும்போது அவளுக்கு முகமெல்லாம் கொதித்தது. ஊருக்கே பொதுவாக எழுதின வரி தன் முதல் பக்கத்தில் எதற்கு என்று தோன்றியது. பாதிப் படியில் நின்று, அந்தப் பக்கத்தின் மேல் முனையைப் பிடித்துக் கிழிக்க ஆரம்பித்தாள். அரை அங்குலம் கிழிந்திருக்கும்.

"ஏய், உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்."

கீழ்ப்படியில் முப்பத்தெட்டு நின்றிருந்தாள். வகுப்பில் முப்பத்தெட்டு பேர், எந்தப் பரீட்சையிலும் அவள் ரேங்க் முப்பத்தெட்டு. யாரோ விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த மூன்று வருஷத்தில் ஃபர்ஸ்ட் ரேங்க் அவளிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"கணக்கு சார் உனக்கு என்ன எழுதியிருக்கார்? கொஞ்சம் காட்டறியா?"

"எல்லாம் உனக்கு எழுதினதுதான்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நோட்டை நீட்டினாள் ஃபர்ஸ்ட் ரேங்க்.

முப்பத்தெட்டு படியில் உட்கார்ந்து, தன் நோட்டையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரலை வைத்து இந்த நோட்டில் ஒரு தரம், அந்த நோட்டில் ஒரு தரம் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிப் புள்ளி வரைக்கும் வந்ததும் நிமிர்ந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை வகுப்பில் யாரும் பார்த்ததே இல்லை.

"ஒரு எழுத்துகூட மாறலடி. ரெண்டையும் சேர்த்து வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு?"

"எங்கப்பாகிட்ட காட்டணும். ஒவ்வொரு தடவை ரேங்க் கார்டு வாங்கும்போதும், அந்தப் பொண்ணு வாங்கறதுல பாதியாவது நீ வாங்குவியான்னு உன்னைச் சொல்லித்தான் கேப்பார். உனக்கு எழுதினதையேதான் சார் எனக்கும் எழுதியிருக்கார்னு வாயால சொன்னா நம்ப மாட்டார்."

ஃபர்ஸ்ட் ரேங்க் அவள் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள். இரண்டு நோட்டையும் மடியில் ஒட்டினாற்போல் வைத்து, கிழிசல் தெரியாதபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கிட்ட வந்து எடு. அப்பாவுக்கு எழுத்து நல்லாத் தெரியணும்."