நான்காவது மாத்திரை

குடோனில் பெட்டி சரிந்து என் தலையில் விழுந்து ஏழு மாதமாகிறது. "ஹெல்மெட் தேடிட்டு நிக்காத, ஏறுடா" என்று விரட்டியவர் அங்கே சூப்பர்வைசராக இருக்கும் அக்கா வீட்டுக்காரர். 'எவ்வளவோ சொல்லியும் ஹெல்மெட் போடவில்லை' என்று அறிக்கை எழுதிக் கொடுத்ததும் அந்தப் புண்ணியவான்தான்.

அடி மூளை வரை போயிருந்தது. மூன்று மாத்திரை மாற்றிப் பார்த்து, நான்காவதற்குத்தான் தலைவலி கேட்டது. காலை எட்டரைக்கு விழுங்கினால் உடனே விட்டுவிடும்.

"மாமாவுக்கு தினமும் எட்டரை ஆனா மண்டை பிளக்குதுடா. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைங்கறாங்க" என்று அக்கா போனில் அழுதாள்.

மறுநாள் பத்து மணிக்கு விழுங்கினேன்.

"இன்னைக்குப் பத்து மணிக்கு வந்துச்சுடா" என்றாள்.

போன வாரம் இரண்டு நாள் போட மறந்துவிட்டேன். எனக்கு வலிக்கவேயில்லை. மாமாவும் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனாராம். மூன்றாம் நாள் மறக்காமல் போட்டேன்.

இன்று டாக்டர், "வலி இல்லைன்னா மாத்திரைய நிறுத்திடலாம்" என்றார்.

அடுத்து அவரைப் பார்க்க மாமா வெளியே பெஞ்சில் காத்திருந்தது கதவு வழியே தெரிந்தது. அவர் தலையைப் பிடித்திருந்த மாதிரியே நானும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தாங்க முடியல டாக்டர். ரெண்டு வேளையா எழுதிக் குடுங்க."