நகத்தில் மாட்டாத கீறல்

சவோதத் வீட்டு விருந்தறையில் தேநீர் குடித்துவிட்டு, அங்கே வெந்நீர் கொதிக்கவைக்கும் பித்தளை சமோவாரின் பளபளப்பில் முகம் பார்க்காமல் எழுந்துபோன பெண் புகாரா நகரத்தில் எங்கள் தெருவில் கிடையாது. அதில் கீறல் விழுந்ததும் பழி மருமகள் மெஹ்ரிமேல் விழுந்தது. “மண்ணைப் போட்டுத் தேய்க்கிற குடும்பம்” என்று அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் சவோதத். மகன் ரஷ்யாவில் வேலையிலிருந்தான், கேட்க ஆளில்லை.

மெஹ்ரி போன பிறகும் கீறல் கூடியது. மெருகு போடும் துர்சுன் வந்து கம்பளித் துணியால் தேய்தேய் என்று தேய்த்தார். பிறகு நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

“நகம் எங்கயும் மாட்டலக்கா. கீறல் மேல இல்ல, உள்ளேருந்து வருது.”

“உடம்பு வளையலன்னு சொல்லு.”

“நீங்களே தொட்டுப் பாருங்க.”

தொட்டாள். வழவழவென்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புதுக் கோடு மெல்ல நீண்டுவந்து, விரலைச் சுற்றிக்கொண்டு போனது.

அன்று மாலையே சம்பந்தி வீட்டுக்குப் போய் மெஹ்ரியைக் கையோடு கூட்டிவந்தாள் சவோதத். மனசு இளகிவிட்டதென்று தெருவே மெச்சியது. மருமகளுக்கு விருந்தறையிலேயே மெத்தை விரித்துக் கொடுத்தாள். கதவை மட்டும் வெளியே தாழ் போட்டுக்கொண்டாள்.