பைன் மரத்தடி சார்ஜ்

மூக்குக்குள் ஈ புகுந்ததால்தான் அன்று எர்மானோவின் மதியத் தூக்கம் கலைந்தது. மற்றபடி இடி விழுந்தாலும் எழுந்திருக்கிற ஆசாமி இல்லை.

கண் விழித்ததும் காதில் விழுந்தது டுர்ர்ர் என்று ஒரு சத்தம்.

இத்தாலியின் கலாப்ரியா கடற்கரையில், ஆகஸ்ட் வெயிலில், மதியச் சாப்பாடு முடிந்து நாலு மணி வரைக்கும் நாய்கூடக் குரைக்காது. அந்த நேரத்தில் எவனோ ஜெனரேட்டர் ஓட்டுகிறான்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கேம்பர், அதாவது படுக்கையும் சமையலும் உள்ளேயே இருக்கிற வண்டி, மீன்கடை சவேரியோவுடையது. அதற்குப் பின்னாலிருந்துதான் சத்தம்.

"பார்த்தியா மிரெல்லா, கொழுப்பை. ஊரே தூங்குற நேரத்துல மெஷின் ஓட்டுறான்."

"விடுங்களேன். அவருக்கு என்ன அவசரமோ," என்றாள் அவர் மனைவி.

"என்ன பெரிய அவசரம்? பேட்டரி செத்திருக்கும். என்னை மாதிரி சரியா மாட்டத் தெரிஞ்சிருக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. தன் கேம்பரின் பழைய பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, புது பேட்டரி, கூரை மேல் சோலார் பலகை, அதற்கொரு சார்ஜர் என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே மாட்டியிருந்தார். விடுமுறைக்கு வண்டியோடு வந்து தங்குகிற இந்த முகாமில் மின்சார இணைப்பு கிடையாது. வெயிலில் நிறுத்தினால் சோலார் சார்ஜ் ஏறும், மனுஷன் வெந்துபோவான். எர்மானோ வந்த அன்றே வண்டியைப் பைன் மரத்தடியில், கும்மென்ற நிழலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நிழல்ல சோலார் எப்படிண்ணே வேலை செய்யும்?" என்று சவேரியோ அப்போதே கேட்டார்.

"நான் மாட்டின சார்ஜர் இலை இடுக்குல வர்ற வெளிச்சத்தையே உறிஞ்சிடும் தம்பி. அதெல்லாம் உனக்குப் புரியாது."

மறுநாள் சாயங்காலம் பேட்டரி மீட்டரைப் பார்த்தால் நூற்றுக்கு நூறு. அதற்கடுத்த நாளும் நூறு. விடுவாரா? வரிசையிலிருந்த எல்லா வண்டிகளுக்கும் போய், "உங்க பிரிட்ஜை நம்பாதீங்க" என்று சொல்லி, மாதா பண்டிகை விருந்துக்கு வாங்கி வைத்திருந்த மீனையெல்லாம் தன் பிரிட்ஜுக்குள் அடைத்துக்கொண்டார். பண்டிகை நாளைக்கு.

"நான் போய் அசுந்தா அக்காகிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டினார்.

"ஏங்க, வேண்டாங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க."

"அநியாயத்தைப் பார்த்துட்டு சும்மா இருக்கிற வம்சம் இல்லடி எங்களது."

அசுந்தாதான் முகாமின் சொந்தக்காரி. வீடு ஒலிவத் தோப்புக்கு அந்தப் பக்கம். மதியத் தூக்கத்தைக் கெடுத்தவனைப் பிடித்துக் கொடுக்க, மதியம் தூங்கிக்கொண்டிருந்த அசுந்தாவின் கதவை எர்மானோ இரண்டு கையாலும் இடித்தார். அவளும் கலைந்த தலையோடு, கடுகடுவென்ற முகத்தோடு வந்து சேர்ந்தாள்.

"யாருக்கெல்லாம் சத்தம் கேட்டுச்சு?" என்றாள்.

வரிசையிலிருந்த எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருத்தி, "எனக்குக் காது கொஞ்சம் மந்தம் அக்கா," என்று கொட்டாவி விட்டாள். ஜெனரேட்டர் அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"தைரியம் இல்லாத ஜனங்க," என்று எர்மானோ தலையில் அடித்துக்கொண்டார்.

சவேரியோ குனிந்து ஜெனரேட்டரை அணைத்தார்.

"மதியம் மெஷின் ஓட்டக் கூடாதுன்னு வாசல்லயே பலகை வெச்சிருக்கேன்ல?" என்றாள் அசுந்தா.

"ஆமாக்கா. தப்பு என்னுதுதான்."

"இனிமே ஓட்ட மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு. இருந்துட்டுப் போ."

சவேரியோ தலையைச் சொறிந்தார். "அது மட்டும் முடியாதுக்கா. நாளைக்கு மதியமும் ஓட்ட வேண்டியிருக்கும். பண்டிகைக்கு முந்தின நாள் மாதா மேல பொய்ச் சத்தியமா பண்ணச் சொல்றீங்க?"

"அப்ப வண்டியைக் கிளப்பு."

சவேரியோவின் முகம் வாடிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை கடையைப் பூட்டிவிட்டு வருகிற மனுஷன். ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்.

"சட்டம்னா சட்டம் தம்பி," என்றார் எர்மானோ பெரிய மனசோடு. "கவலைப்படாதே, உன் பங்கு மீனை வீணாக்க மாட்டோம். நாங்களே சாப்பிட்டுடுவோம்."

மிரெல்லா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

"இரு, இவனைக் கிளப்பி விட்டுட்டு வர்றேன். ஒரு கை கொடுத்தா சீக்கிரம் தொலைவான்."

ஜெனரேட்டரிலிருந்து போன வயரைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தார். அது சவேரியோவின் வண்டிக்கு அடியில் நுழைந்தது. அந்தப் பக்கம் வந்து பைன் சருகுக்குள் ஓடியது. எர்மானோ சருகைக் காலால் தள்ளிக்கொண்டே சுருட்டினார். வயர் மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த குளியல் துண்டுகளுக்குப் பின்னால் மறைந்தது.

இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார்.

மிரெல்லா ஓடி வந்து துண்டை விலக்கினாள்.

"இழுக்காதீங்க, பிஞ்சிடப் போகுது. அந்த முனை நம்ம வண்டியிலதான் செருகியிருக்கு. நம்ம பேட்டரி முதல் ராத்திரியே படுத்துடுச்சு. உங்க மானம் போயிடக் கூடாதுன்னு, அன்னையிலேருந்து நீங்க தூங்குற நேரமாப் பார்த்து அவரு மெஷினை ஓட்டுறாரு, இந்த வரிசை மொத்தமும் மதியத் தூக்கம் இல்லாம கிடக்கு."